ஒரு படத்தின் பின்னால் அலைந்தவர்

வில்பட்டியிலிருந்து கேரட் ஏற்றிவரும் டிரைவர் முருகேசன்தான் போன் செய்தார். “அக்கா, மீரான் பாய் தவறிட்டாருங்க. வெள்ளனே நெஞ்சு வலிக்குதுன்னிருக்காரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.” அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மேகம் இறங்கி எதிர்வீடுகூடத் தெரியாத காலை அது.

கொடைக்கானல் பஜாரில் செல்போன் கடை வைத்திருந்தவராகத்தான் பாயைப் பலருக்கும் தெரியும். ரீசார்ஜ் செய்யப் போனவரை நிறுத்திவைத்து ஊர்க்கதை எல்லாம் பேசுவார் என்பதும் தெரியும். வேலை வாங்கித் தருகிறேன் என்று ஏமாற்றிக் கடத்தப்படும் பெண்களை மீட்கும் எங்கள் சிறிய குழுவில் அவர் இருந்தது சிலருக்கே தெரியும். வெளியில் சொல்ல அவர் விட்டதில்லை.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயரை எழுதமாட்டேன், எழுதினால் பாய் என்னை மன்னிக்கமாட்டார். பாச்சலூர்ப் பக்கத்துப் பெண். துணிக்கடை வேலை என்று அழைத்துப்போனவன், வெளியூரில் ஒரு வீட்டில் அவளை விற்றுவிட்டான். அவள் படத்தோடு ‘காணவில்லை’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். செய்தி ஊர் ஊராகப் போனது. எங்கோ ஒரு மருந்துக்கடையில் அவளைப் பார்த்த ஒரு பெண்மணி அடையாளம் கண்டு போலீசுக்குச் சொன்னார். அவள் வந்துசேர்ந்தாள். அன்று எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

படம் மட்டும் நிற்கவில்லை. கொடைக்கானலில் ஒரு பேக்கரியில் சேர்ந்து அவள் கொஞ்சம் சிரிக்கத் தொடங்கியிருந்த நேரத்தில், அதே படம் சுற்றிக்கொண்டு வந்தது. அவள் எங்கிருந்து மீட்கப்பட்டாள் என்பதையும் எவனோ கீழே எழுதியிருந்தான். பன் வாங்க வந்தவர்கள் அவள் முகத்தையும் போனையும் மாறிமாறிப் பார்த்தார்கள். அவள் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு சரியாகச் சாப்பிடுவதையும் நிறுத்தினாள்.

சைபர் கிரைமில் புகார் கொடுத்தோம். பாய் அதோடு விடவில்லை. படத்தை அனுப்பிய ஒருவரைப் பிடித்து, “உங்களுக்கு இத யாருங்க அனுப்புனா?” என்று கேட்பார். அவரிடமிருந்து அடுத்தவர், அவரிடமிருந்து இன்னொருவர் என்று போய்க்கொண்டே இருப்பார். மேல்மலையில் இருக்கும் போளூருக்குப் பஸ் ஏறிப்போய் ஒருவர் வீட்டில் உட்கார்ந்தார். நானும் போயிருந்தேன். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, “கெடச்ச புள்ளைய இன்னும் காணாமப் போனவளாவே வச்சிருந்தா எப்படிங்க? அழிச்சிருங்க” என்றார். அழிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. எனக்கு அந்த ஆளை அறைய வேண்டும் போல் இருந்தது. வெளியே வந்ததும், “நீ கோவப்பட்டா வம்புக்குன்னே இன்னும் நாலு பேருக்கு அனுப்புவாரும்மா. நம்ம சோலி அது இல்ல” என்றார்.

‘காணவில்லை’ செய்தியில் படம் வைத்து அனுப்பும் வழக்கத்தையே மாற்றியவர் அவர்தான். இப்போது படம் எங்கள் இணையப்பக்கத்தில் மட்டும் இருக்கும். மற்றவர்களுக்கு லிங்க்தான் போகும். பெண் கிடைத்ததும் படத்தை எடுத்துவிடுவோம். அதன்பின் லிங்க்கைத் தொட்டால் ‘வீடு வந்துவிட்டாள்’ என்ற வரி மட்டும் தெரியும். யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்தால் என்ன செய்வது என்று கேட்டேன். “எடுக்கத்தான் செய்வாங்க. நான் இருக்கேன்ல” என்றார். அந்தப் பதிலே எனக்குப் போதுமானதாக இருந்தது.

துக்க வீட்டுக்கு அவளும் வந்திருந்தாள். மறுபடி பேக்கரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். பெண்கள் இருந்த அறையில் சுவரோரமாக நின்றாள். ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெரு திரும்பியதும் என் பக்கத்தில் வந்து சொன்னாள். “என்னைய எல்லாரும் தேடுனாங்கக்கா. தேடுனது போதும், விட்டுருங்கன்னு சொன்னது பாய் மட்டுந்தான்.” அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான். அவள்தான் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

நேற்று அந்தப் படம் மறுபடி வந்தது, பழனியில் பூ வியாபாரிகள் வைத்திருக்கும் ஒரு குழுவிலிருந்து. அவளிடம் சொல்லவில்லை. பாய் எனக்கென்று விட்டுப்போனது முடியாத இந்த வேலையைத்தான். அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை, வருமா என்றும் தெரியவில்லை. அனுப்பியவரின் எண்ணுக்கு அழைத்தேன். அவர் எடுத்ததும் வணக்கம் சொன்னேன்.

“யாரும்மா பேசுறது?” என்றார்.

எங்கள் குழுவின் பெயரைச் சொல்லியிருக்கலாம்.

“மீரான் பாயோட ஆளுங்க” என்றேன்.