சளி மாத்திரையும் பெண் பார்க்கப் போன நாளும்

படிப்பவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்துப் பழகியது டாக்டர்களின் கையெழுத்துதான். என்னுடையதும் அந்த வழிக்கே போய்விட்டது. சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மனைவி. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவள் இந்தக் கதையைச் சொல்லிவிடுவாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடிக்கொண்டே போகிறது. போன மாதம் சொன்ன கதையில் நான் குறட்டையும் விட்டிருந்தேன். நாலு பேர் முன்னால் மறுத்துப் பேச எனக்கு வராது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளிக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். மருந்துப் படிப்பு படித்த பார்மசிஸ்ட் ஒருவர் கடையில் இருக்கவேண்டும் என்பது சட்டம். அவருடைய சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தோம். அவரும் அதற்குக் கீழேயே உட்கார்ந்திருப்பார். அவர் சீட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எடுத்துக் கொடுப்பேன்.

கடையில் மருந்துகள் மூன்று ஜாதி. தலைவலி மாத்திரை, வயிற்று உப்புசத்துக்கு உப்புப் பொடி, தைலம் இவையெல்லாம் முன் அலமாரியில் இருக்கும். யார் கேட்டாலும் கொடுக்கலாம். அட்டையில் சிவப்புக் கோடு போட்டவை பின் அலமாரியில். அவற்றை டாக்டர் சீட்டு இருந்தால்தான் கொடுக்கவேண்டும். மூன்றாவது, தூக்க மாத்திரையும் நரம்பு மாத்திரையும். அவை சின்னப் பீரோவில் பூட்டியிருக்கும். யாருக்கு, எந்த டாக்டர் சொல்லி, எத்தனை கொடுத்தோம் என்று எழுதிவைக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் சொல்லாமல் வந்து நிற்பார். அவர் ஜீப்பு தெருமுனையில் திரும்பினாலே முதலாளிக்குத் தெலுங்கு வந்துவிடும்.

மருந்து உடம்புக்குள் போய் என்னென்ன செய்யும் என்பதை நான் வாங்க வருகிறவர்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். மூட்டு வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். சத்து மாத்திரை போட்டவர்கள் ஒண்ணுக்கு மஞ்சளாகப் போகிறது என்று ரகசியமாகச் சொல்வார்கள். காசநோய்க்கு மாத்திரை வாங்கிப்போன மில்காரர் ஒருவர் மறுநாள் காலையிலேயே ஓடிவந்தார்.

"ஒண்ணுக்கு ரத்தமால்லா போகுது. வீட்டுல அழ ஆரம்பிச்சுட்டாக."

"அது மாத்திரையோட செவப்பு. பயப்படாதீங்க. நடுவுல மட்டும் நிறுத்திறாதீங்க" என்றார் பார்மசிஸ்ட்.

"இத நேத்தே சொல்லக்கூடாதாய்யா? எங்க மச்சினன் மதுரைக்கே தந்தி குடுத்துட்டான்."

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கடைகளில் 'செட்' என்று ஒரு பழக்கம் உண்டு. மில் ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் "காய்ச்சலுக்கு ஒரு செட்", "சளிக்கு ஒரு செட்" என்று கேட்பார்கள். நாலைந்து மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகத் தாளில் மடித்துக் கொடுப்போம். பொட்டலத்தில் பெயர் இருக்காது, விவரம் இருக்காது. சட்டப்படி அது கூடாது. ஆனாலும் எல்லாக் கடையிலும் நடந்தது. சளி செட்டிலும் அரிப்பு செட்டிலும் ஒரே சின்ன மாத்திரை இருக்கும். தும்மலையும் அடக்கும், அரிப்பையும் அடக்கும். கூடவே கண் இமையையும் இழுத்து மூடிவிடும். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருடைய சுருக்குப் பையிலும் நான் கட்டிக்கொடுத்த செட்டுகள் இருந்தன.

முப்பது வயது தாண்டியும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போனால் வாயே திறக்க மாட்டேன். ஊமையோ என்று இரண்டு வீட்டில் கேட்டுவிட்டார்கள். அந்தத் தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வரன் வந்தது. பெண்ணின் அப்பா ஓய்வு பெற்ற ஏட்டு. மதுவிலக்குப் பிரிவில் ரொம்ப நாள் இருந்தவர்.

போகவேண்டிய நாள் காலையில் பனி பிடித்து எனக்குத் தும்மல் நிற்கவில்லை. நான் மாத்திரை எதுவும் போடவேண்டாம் என்றுதான் இருந்தேன். அம்மா விடவில்லை.

"பொண்ணு வீட்டுல போயி தும்மிக்கிட்டா இருப்ப? அபசகுனம்லே. இந்தா, போடு."

ஒன்றுதானே என்று போட்டேன். பஸ்ஸில் ஏறியதும் அக்கா தன் பையைத் திறந்தாள். அவளுக்கு அரிப்புக்குக் கட்டிக்கொடுத்தது அது.

"இதப் போட்டன்னைக்கு எனக்குச் சளியும் நின்னுச்சு. முழுங்கு."

"அம்மா குடுத்துட்டாக்கா."

"நீ கட்டிக் குடுத்தத நாங்க முழுங்கல? ஒனக்கு மட்டும் கசக்குதோ?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அந்த வெட்கத்திலேயே விழுங்கிவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் மகாராஜபுரத்திலிருந்து வந்த சித்தி நின்றுகொண்டிருந்தாள். நான் ஒரு தடவை தும்மியதைப் பார்த்தாள். கையில் இருமல் டானிக் பாட்டில். அதிலும் தூக்கம் வரும் மருந்து உண்டு என்பது எனக்குத் தெரியும். சித்தி என் தாடையைப் பிடித்து, மூடி நிறைய ஊற்றிவிட்டாள்.

பெண் வீட்டில் பெஞ்சில் ஏட்டையாவுக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்தார்கள். பஜ்ஜி சூடாக இருந்தது. கேசரியும் சாப்பிட்டேன். பெண் காபித் தட்டோடு உள் அறைத் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு தும்மல் பாதியில் நின்று, முகம் கோணிக்கொண்டது. அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். கன்னம் மட்டும் அடங்கவில்லை. கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டவேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகம் இல்லை.

கண்ணை விழித்தபோது என் தலை ஏட்டையாவின் தோளில் இருந்தது. அவருடைய வெள்ளைச் சட்டையில் என் வாய் எச்சில். அவர் என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். வாய்க்குப் பக்கத்தில் குனிந்து மோந்தார்.

"வாடை இல்ல" என்றார். "மருந்துக் கடையில இருக்காப்ல. மாத்திரைப் பழக்கம் ஏதும் உண்டா?"

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "பாக்குக்கூடப் போடமாட்டான் அண்ணாச்சி."

"எல்லா அம்மாவும் ஸ்டேஷன்ல இதத்தான் சொல்லுவாக. யோசிச்சுச் சொல்லி அனுப்புதோம்."

திரும்பி வரும் பஸ்ஸில் மூன்று பெண்களும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். எனக்கு மறுபடியும் தூக்கம் வந்தது. தூங்கினேன்.

அவர்கள் வீட்டில் நடந்ததை என் மனைவி பிறகு சொன்னாள். மாத்திரைக்கு அடிமையானவனுக்குப் பெண்ணைக் கொடுப்பதில்லை என்று அவளுடைய அப்பா உறுதியாக இருந்திருக்கிறார்.

"ஒங்க தோள்ல தானப்பா தூங்குனாக. நம்பித்தான தூங்கிருக்காக" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"ஏட்டி, போலீஸ்காரன் தோள்ல எவன் நம்பித் தூங்குவான்?"

"அப்ப நேர்ல போயி விசாரிங்க. அதான ஒங்க வேல."

இங்கே, சேதி வரவில்லையே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் முதலாளியும் பார்மசிஸ்ட்டும் சாப்பிடப் போயிருந்தார்கள். நாடா வாங்க வந்த ஒரு கிழவியைத் துணிக்கடைக்கு வழி சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். குடையை மடக்கிக்கொண்டு ஏட்டையா படியேறினார்.

"எனக்கு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. தூக்க மாத்திரை ஒரு அட்டை எடுங்க."

"டாக்டர் சீட்டு..." என்றேன். சத்தம் வெளியே வந்ததா என்று தெரியவில்லை.

"சீட்டு எதுக்கு? நான்தான் கேக்கேன்ல."

கிழவி போகவில்லை. "பெரிய மனுசன் கேக்காரு. எடுத்துக் குடுத்தா கொறைஞ்சா போவ?" என்றாள்.

பீரோச் சாவி கல்லாவுக்குள் இருந்தது. சாவி இல்லை என்று ஒரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். போலீஸ்காரரிடம் பொய் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. கொடுத்துவிட்டால் பெண் கிடைக்கும், கொடுக்காவிட்டால் கிடைக்காது என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. கொடுத்துவிடலாமா என்று கைகூடக் கல்லாப் பக்கம் போனது. ஆனால் அந்த மாத்திரையை அளவு தெரியாமல் போட்டவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். இந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பது?

"ரெண்டே ரெண்டு குடுங்க. மாமனாரா வரப்போறவன் கேக்கேன்."

"தர மாட்டேன் மாமா" என்றேன். என் காதுக்கே அந்தச் சத்தம் புதிதாக இருந்தது. "நீங்க கோவிச்சாலும் சரி. டாக்டரப் பாத்துச் சீட்டு வாங்கிட்டு வாங்க. பார்மசிஸ்ட் வந்த பொறவு நானே எடுத்துத் தாரேன்."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப எங்க வீட்டுல என்னத்தப் போட்டுட்டு வந்து சாஞ்சீரு?"

ஒரு சளி செட்டைப் பிரித்து மேசையில் வைத்தேன். பக்கத்தில் ஒரு அரிப்பு செட். அதற்கும் பக்கத்தில் டானிக் பாட்டில். அம்மா, அக்கா, சித்தி என்று ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினேன். அவர் இரண்டு பொட்டலத்திலும் இருந்த அதே சின்ன மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"மூணு பேரும் குடுத்தாகளா?"

"ஆமா."

"மூணையும் போட்டீராக்கும்?"

"ஆமா."

"வேண்டாம்னு சொல்ல வாய் வரல?"

"வரல மாமா."

"இப்ப மட்டும் எப்படி வந்துச்சு?"

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. முதலில் இருமுகிறார் என்று நினைத்தேன். சிரிப்புதான். கிழவிக்கும் பாதி புரிந்து அவளும் சிரித்தாள்.

தூக்கம் வராதது நிஜம் என்று பிறகுதான் சொன்னார். இத்தனை வருட ராத்திரி ரோந்து உடம்பைக் கெடுத்திருந்தது. நானே பக்கத்துத் தெரு டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போனேன். சாயங்காலத்துக்கு மேல் குடிக்கும் டீயை முதலில் நிறுத்துங்கள் என்று சொல்லி, மாத்திரை எழுதாமலே அனுப்பிவிட்டார் டாக்டர்.

அடுத்த வாரம் தரகர் வந்து சம்மதம் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனை. முகூர்த்தம் முடிகிறவரைக்கும் மாப்பிள்ளைக்கு யாரும் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது.

பங்குனியில் கல்யாணம். ஓமப் புகை மூக்கில் ஏறி எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. அம்மாவின் கை பழக்கத்தில் இடுப்புச் சுருக்குப் பைக்குப் போனது. எனக்குப் பின்னால் நின்ற மாமா, "சம்பந்தி, கையை வெளிய எடுங்க" என்றார். அம்மா எடுத்துவிட்டாள். முதல் முடிச்சைப் போட்டேன். மற்ற இரண்டையும் அக்கா போடுவதற்குள் பெரிதாக ஒரு தும்மல் வந்தது. கூட்டத்தில் யாரோ, "தாலி கட்டும்போது தும்முதாரே, நல்லதுக்கில்லையே" என்று முணுமுணுத்தார்கள். பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

மாமா மேளக்காரரைப் பார்த்து, "தும்முனா முழிச்சிருக்காருன்னு அர்த்தம். நீங்க கொட்டுங்கய்யா" என்றார்.

எழுதி முடித்தது, 1998 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.