பதில் வராத ஜெபத்துக்கு நான் சொன்ன நன்றி

எஸ்தர், டேனி, இதை உங்களுக்காக எழுதுகிறேன். சபையில் மற்றவர்களும் படிக்கட்டும். அப்பா பத்தாவது வரைதான் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஜூன் மாதம், உங்கள் பள்ளிக்கூடம் திறந்த வாரம். ஈக்காட்டுத்தாங்கலில் நான் இருந்த சர்வீஸ் ஆபீஸ் உங்களுக்குத் தெரியும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் கெட்டுப்போனால் ஜனங்கள் போன் செய்வார்கள். நான் புகாரை எழுதிக்கொண்டு மெக்கானிக்கை அனுப்புவேன். ஒன்பது வருடம் அதுதான் வேலை. அதற்கு ஏஐ வந்துவிட்டது. போனை எடுத்து நம் தமிழிலேயே பேசியது. எங்கள் பழைய பேச்சுகளைக் கேட்டுத்தான் பழகியதாம். கோபமாகப் பேசுகிறவர்களிடம் அது திணறும் என்று நம்பியிருந்தேன். திணறவில்லை. என்னைவிடப் பொறுமையாகப் பேசியது.

பதினோரு பேரில் இரண்டு பேர் போதும் என்று பேச்சு அடிபட்டது. மந்தைவெளியில் நம் சபை கூடுகிற ஜெப அறையில் எல்லோரும் எனக்காக மூன்று நாள் உபவாசம் இருந்தார்கள். எஸ்தர், நீயும் காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போனாய். ஜெப விண்ணப்பங்களைக் குத்திவைக்கும் சுவர்ப் பலகையில் 'காத்திருப்பவை' பக்கம் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு குத்தினோம்: அப்பாவின் வேலை.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் என் அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டு வாசலிலேயே நீ கேட்டாய், எஸ்தர். "வேலை இருக்காப்பா?"

"இருக்கும்மா."

அவ்வளவுதான் சொன்னேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல முடியவில்லை. அம்மாவிடமும் அதையே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது நீ கையைத் தூக்கிவிட்டாய். "அங்கிள், எங்க அப்பாவுக்கு வேலை போகல!" எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து போனேன். மைக்கைப் பிடித்து, கர்த்தர் என் வேலையைக் காத்தார் என்று சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். நீ ஸ்டூலில் ஏறி என் சீட்டை எடுத்து 'பதில் வந்தவை' பக்கம் குத்தினாய். டேனி கீழே நின்று கை தட்டினான்.

திங்கள்கிழமை வழக்கம்போல டிபன் பாக்ஸோடு கிளம்பினேன். கோட்டூர்புரம் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சம்பழ சாதத்தை வெளியே படியில் வைத்துச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை வீட்டு ஜெபத்தில் ரூத் அக்கா எழுந்தார். அவருக்கு வீட்டுக்காரர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். தி.நகரில் ஓர் ஆபீஸில் பில்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. அங்கேயும் ஏஐ வரப்போகிறது என்று சொல்லிவிட்டார்கள். அடையாறில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் அவருக்கு வேறு வேலை வந்திருந்தது. "பிரதருக்கு செஞ்ச ஆண்டவர் எனக்கும் செய்வாரு. ஹாஸ்டல் வேலை வேணாம்னு நாளைக்கு சொல்லிடப் போறேன்" என்றார்.

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். பிள்ளைகளே, என் வாழ்க்கையில் அதைவிட வெட்கமான வார்த்தை நான் சொன்னதில்லை.

மறுநாள் கோட்டூர்புரம் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து ஜெபித்தேன். வேலை கேட்கவில்லை. ஆண்டவரே, என் வாயைத் திறந்துவிடும், எனக்குத் திராணி இல்லை என்றேன். கண்ணைத் திறந்தால் எதிரே ரூத் அக்கா.

"இன்னா பிரதர், ஆபீஸ் இல்லையா இன்னிக்கி?"

"வேலை போயிடுச்சுக்கா. போன வெள்ளிக்கிழமையே."

"அப்போ ஞாயித்துக்கிழமை நீ சொன்னது?"

"பொய்."

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. அது போய்விட்டது.

"நல்லா கீது பிரதர் உன் சாட்சி! வேணாம்னு சொல்லத்தான் போய்க்கினு கீறேன். ரெண்டு பொண்ணுங்கள வச்சிக்கினு நான் நடுத்தெருவுல நிக்கணுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உன் பசங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாதுக்கா."

"மொதல்ல அதுங்ககிட்ட சொல்லு. அப்பாலிக்கா சபையில சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

அடுத்த பஸ்ஸில் ஏறி அடையாறு போனார். வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். அவருடைய பழைய ஆபீஸில் பில் பார்க்கும் பிரிவே இப்போது கிடையாது.

அன்று சாயங்காலம் உங்களிடமும் அம்மாவிடமும் சொன்னேன். அம்மா டிபன் பாக்ஸை எடுத்துக் கழுவினாள். நீ கேட்டாய், எஸ்தர்: "அப்போ நான் சபையில சொன்னதும் பொய்யாப்பா?"

"இல்லம்மா. நீ நம்பினதைச் சொன்ன. பொய் என்னோடது."

அடுத்த ஞாயிறு அதே மைக்கில் அதையே சொன்னேன். யாரும் கை தட்டவில்லை.

ஆடி மாதம் மெக்கானிக் குமார் போன் செய்தான். நான் ஒன்பது வருடம் போனில் விரட்டிய குமார். "இன்னா சார், சும்மாதான கீற? என்கூட வந்து தொழில் கத்துக்கோ. ஆனா போன்ல கத்துன மாதிரி என்கிட்ட கத்தாத" என்றான். இப்போது அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து டூல்ஸ் பையைப் பிடித்துக்கொண்டு போகிறேன். எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று போனில் சொல்வது அந்த ஏஐ குரல்தான். சம்பளம் முன்பைவிடக் குறைவு. வீட்டில் பொய் இல்லை.

பிள்ளைகளே, நீங்கள் வளரும்போது எந்த வேலை இருக்கும், எது போகும் என்று எனக்குத் தெரியாது. தைரியமாகக் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், இன்னும் வரவில்லை என்று சபையில் எழுந்து நின்று சொல்லுங்கள். நான் கேட்ட வேலையை ஆண்டவர் திருப்பித் தரவில்லை. பஸ் ஸ்டாப்பில் கேட்டதை, கண்ணைத் திறப்பதற்குள் தந்தார்.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. மைக்கில் உண்மையைச் சொன்ன அந்த ஞாயிறு, உங்களை அம்மாவோடு அனுப்பிவிட்டு, பாய் மடிக்க நான் தங்கினேன் அல்லவா? எல்லோரும் போன பிறகு பலகைக்கு அருகே போனேன். 'பதில் வந்தவை' பக்கத்திலிருந்து என் சீட்டைப் பிடுங்கினேன். அந்த இடத்தில், ரூத் அக்கா தன் வேலைக்காகக் 'காத்திருப்பவை' பக்கம் வைத்திருந்த சீட்டைக் குத்தினேன். என் சீட்டைக் 'காத்திருப்பவை' பக்கம் கொண்டுபோய் வைத்தேன். நாம் முதலில் குத்திய ஓட்டை அப்படியே இருந்தது. குண்டூசி அதிலேயே இறங்கியது.