வேண்டுதல் மொட்டை

என் தலைமுடியைப் பற்றி என்னிடம் உள்ளதை உள்ளபடி பேசியவர் ஒரே ஒரு பெண்தான். அவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ள மறுத்துவிட்டார். மற்ற எல்லோரும் என் தலையில் மிளகாய் அரைத்தவர்கள். அந்த வரிசையில் என் அம்மாவும் இருந்தாள் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

முடி கொட்ட ஆரம்பித்தபோது எனக்கு இருபத்தேழு வயது. இரும்புலியூரில் எங்கள் தெருமுனை சலூன் அண்ணன், வெட்டி முடித்ததும் ஒரு சின்னக் கண்ணாடியைப் பின்னால் பிடித்து, "ஓகேவா சார்?" என்று கேட்பார். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அப்படித்தான். ஒருநாள் கண்ணாடியை எடுக்காமலேயே துண்டை உதறிவிட்டார். மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன். அடுத்த முறையும் எடுக்கவில்லை. நானே கேட்டேன். "இன்னாத்துக்கு சார், பின்னாடி எல்லாம் கரீட்டா கீது" என்று சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரருக்கு மட்டும் கண்ணாடியைக் காட்டினார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துப் பார்த்தேன். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தெரிந்தது.

நான் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவன். வண்டி தாம்பரத்திலேயே கிளம்புவதால் உட்கார இடம் கிடைக்கும். அந்தப் படத்தைப் பார்த்ததற்குப் பிறகு நான் உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் நிற்கிறவர்கள் பார்வை நேராக என் உச்சியில்தான் விழும். கூட வரும் ஆபீஸ் நண்பன் காலி சீட்டைத் தட்டிக் காட்டி, "என்ன மச்சான், நின்னுக்கிட்டே போறதா நேர்த்திக்கடனா?" என்று கேலி செய்வான். முதுகுவலி என்று சொல்லி வைத்தேன். முதுகுவலிக்காரன் எவனாவது நின்றுகொண்டே போவானா என்று அவனும் கேட்கவில்லை.

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் நானும் அம்மாவும்தான். என் தலையைப் பார்த்துக் கண்ணைத் திருப்பிக்கொள்ளாத ஒரே ஆள் அம்மாதான் என்று அன்றைக்கு நான் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்துவிடுவாள். "எங்கடா கொட்டியிருக்கு? உன் தலைமேல நீயே கண்ணு வைக்காத" என்பாள். சில நாள் சின்ன வெங்காயச் சாறு. அந்த நாற்றத்தோடு திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய், லிஃப்டில் மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கொட்டுவதற்குக் காரணமும் அம்மாவே கண்டுபிடித்து வைத்திருந்தாள். எங்கள் போர் தண்ணீர் உப்பு. "உங்கப்பாவுக்கும் இந்த ஊருக்குக் குடிவந்து இந்தத் தண்ணியில குளிச்சப்புறம்தான்டா கொட்டுச்சு. அதுக்கு முன்னாடி காடு மாதிரி இருந்துச்சு" என்பாள். கூடத்தில் மாட்டியிருக்கும் கல்யாணப் போட்டோவில் அப்பா ஜரிகைத் தலைப்பாகை கட்டியிருப்பார். அதற்கு அடியில் காடு இருந்தது என்பதற்கு அம்மாவின் வாய்வார்த்தை தவிர வேறு சாட்சி இல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. தலைக்குக் குளிக்க மட்டும் தனியாகக் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தேன். கேன் போடுகிறவர் ஒருநாள் தாங்க முடியாமல், "வூட்ல ரெண்டே பேரு தானே சார், இம்மாந் தண்ணி எப்டி குடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார். விருந்தாளிகள் என்றேன்.

தண்ணீர் மாற்றியும் நிற்காததால் தாம்பரத்தில் ஒரு மாடி கிளினிக்குக்குப் போனேன். ஒரு பேனா மாதிரி கேமராவைத் தலையில் வைத்து, என் மண்டைத் தோலைப் பெரிய திரையில் காட்டினார்கள். அறுவடை முடிந்த வயல் மாதிரி இருந்தது. டாக்டர், "அப்பாவுக்கு எப்படி?" என்று கேட்டார். "அவருக்கு உப்புத் தண்ணியால சார், அதுவும் வயசானப்புறம்" என்று கூசாமல் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அதோடு சரி, அந்த டாக்டரை நான் மறுபடி பார்க்கவே இல்லை. அடுத்த தடவையிலிருந்து கோட்டு போட்ட ஒரு பெண்தான் எல்லாம். கையிலிருந்து ரத்தம் எடுத்து, அதை ஒரு மெஷினில் சுற்றி, அதையே என் தலையில் ஊசி ஊசியாகக் குத்தினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டு வேளையும் தலையில் விட்டுக்கொள்ள ஒரு மருந்து, சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை.

எட்டாம் மாதம் பூனைமுடி மாதிரி ஏதோ முளைத்தது. நிஜமாகவே முளைத்தது. ஆபீஸ் பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று அதை விரல் நுனியால் தடவிப் பார்ப்பேன். அந்தச் சந்தோஷத்தில் கிளினிக்குக்குப் போய் ஊசியை நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன். அந்தப் பெண் சாவகாசமாக, "ஊசியை நிறுத்தலாம் சார். மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க, வந்ததெல்லாம் கொட்டிடும்" என்றார்.

"எத்தனை நாளைக்குப் போடணும்?"

"லைஃப் லாங் சார்."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

பிறகு முன்பு எடுத்த படத்தையும் இப்போது எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி என்னைச் சமாதானம் செய்தார். உற்றுப் பார்த்தேன். முதல் படத்தில் என் தலை ஈரமாக இருந்தது, விளக்கு நேர் மேலே எரிந்தது. இரண்டாவதில் முடியை உலர்த்தி, பக்கவாட்டில் சீவி, விளக்கைத் தள்ளி வைத்து எடுத்திருந்தார்கள். பூனைமுடிக்குப் புலி வேஷம் போட்டிருந்தார்கள். இருந்தாலும் மருந்தை விடவில்லை. வந்தது கொஞ்சமோ நஞ்சமோ, அது என்னுடையது.

அந்தச் சமயத்தில்தான் கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு வரன் வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் பெண். பெண் பார்க்கப் போவதற்கு ஒரு வாரம் முன்னால், அம்மா எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"உன் முடிக்காகத் திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கிட்டேன்டா. துளி துளிர்த்தாலும் கொண்டாந்து அவன் காலடியில போடறேன்னு. துளிர்த்துடுச்சு. போட்டுட்டு வந்துடலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இப்பதாம்மா வந்திருக்கு. பொண்ணு பாக்கப் போற நேரத்துல மொட்டையா?"

"சாமிக்குக் குடுத்தா அடர்த்தியா திரும்பி வரும். வந்தா மலை, போனா மயிருடா."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கே கொட்டியிருக்கிறது என்று இத்தனை நாளும் கேட்டவள், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல் சாமியிடம் போய் அழுதிருக்கிறாள் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. மறுநாளே லீவு போட்டு அம்மாவோடு திருத்தணிக்கு ரயில் ஏறினேன். எட்டு மாதம் ஊசி குத்திக்கொண்டு வளர்த்ததை எட்டு நிமிஷத்தில் வழித்துப் போட்டார்கள். குனிந்து பார்த்தேன், ஈரத் தரையில் மற்றவர்கள் முடியோடு கலந்துவிட்டது. அம்மா தலை நிறையச் சந்தனம் பூசிவிட்டாள். குளுகுளுவென்று இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போக வேண்டியது. பெண் வீட்டில் பங்காளி ஒருவர் தவறிவிட்டதால், தீட்டுக் கழியட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். பதினாறு நாள் முடிந்து வரச் சொன்னபோது அம்மாவுக்கு முகமே சரியில்லை. கிளம்புகிற அன்று காலையில் மறுபடி சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள்.

"மொட்டை போட்டு இவ்வளவு நாள் ஆச்சு, இப்ப எதுக்கும்மா சந்தனம்?"

"வெயிலுக்குக் குளிர்ச்சிடா. பேசாம உக்காரு."

உட்கார்ந்தேன். முப்பது வயது மாடு, தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கூடுவாஞ்சேரியில் அவர்கள் வீடு இரண்டாவது மாடி. பெண்ணின் அப்பா வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். அவருக்குத் தலை முழுக்க வழுக்கை, டியூப்லைட் அதில் தெரிந்தது. போண்டா வந்தது, காபி வந்தது. பெண்ணின் அம்மா டீப்பாயிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எட்டிப் பார்த்தேன். போன மாதம் ஸ்டுடியோவில் எடுத்துக் கொடுத்த படம் அல்ல அது. ஆறு வருடம் முன்னால் நண்பன் கல்யாணத்தில் எடுத்தது. நெற்றியில் முடி விழ நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா முந்திக்கொண்டாள். "முடிக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லீங்க. நல்ல வேலை கெடைச்சா மொட்டை போடறதா வேண்டுதல், ரொம்ப நாளா நின்னு போச்சு. கல்யாணத்துக்குள்ள போட்டோவுல இருக்கற மாதிரியே கருகருன்னு வந்துடும்."

"சாமி காரியம்தானே, அதுக்கென்ன" என்றார் பெண்ணின் அம்மா.

எனக்குச் சொன்ன வேண்டுதல் ஒன்று, அவர்களுக்குச் சொன்னது இன்னொன்று. அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். என் முடி வளர வேண்டும் என்று ஒரு வேண்டுதலும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை நடந்திருக்கிறது, அந்தப் பூசணிக்காய் நான்.

தனியாகப் பேசிக்கொள்ளட்டும் என்று என்னையும் பெண்ணையும் பால்கனிக்கு அனுப்பினார்கள். நல்ல வெயில். இருவரும் கீழே ஜிஎஸ்டி ரோடு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். சந்தனம் காய்ந்து வெடித்துத் தோளில் உதிர்ந்தது.

"சட்டையெல்லாம் ஆகுது பாருங்க" என்று சொல்லி, கொடியில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். யோசிக்காமல் வாங்கித் தலையைத் துடைத்தேன். துடைத்து முடித்ததும்தான் அவர் கண் என் தலையில் நிற்பதைப் பார்த்தேன். காதுக்கு மேலே சுற்றிலும் கருப்பாக முடி முளைத்துவிட்டிருந்தது. உச்சி மட்டும் வழவழவென்று கிடந்தது.

"மொட்டை போட்டு எத்தனை நாள் ஆச்சு?"

"மூணு வாரம் ஆகப்போகுது."

"மேல வரலையே."

"வராது" என்றேன். "மருந்து போட்டா பூனைமுடி மாதிரி கொஞ்சம் வரும். விட்டா கொட்டிடும்." அதைச் சொன்னதும் மூன்று வருடமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது.

அவர் கோபப்படவில்லை. "எங்கப்பாவைப் பார்த்தீங்க இல்ல? எங்கம்மா என்ன ஓடியா போயிட்டாங்க? முடி இல்லன்னு சொல்லியிருந்தா நான் ஒண்ணுமே நினைச்சிருக்க மாட்டேன். சாமி பேரைச் சொல்லி ஏன் ஏமாத்தணும்?"

"எனக்கே இப்ப உள்ள உக்காந்திருந்தப்பதான் தெரியும். சத்தியமா."

"உங்க தலையில நடந்தது உங்களுக்கே தெரியாதா?"

உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். துண்டை மடித்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிச் சந்தனத்தை உதறிவிட்டு, திரும்பக் கொடியில் போட்டார்.

போனில் சொல்கிறோம் என்றார்கள். தாம்பரம் போகும் ரயிலில் ஏறியதும் காலியாக இருந்த முதல் சீட்டில் நான் உட்கார்ந்தேன். மூன்று வருடத்தில் அன்றுதான் உட்கார்ந்தேன். பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, என் காதோரம் ஒட்டியிருந்த சந்தனத்தைப் புடவைத் தலைப்பால் துடைக்க வந்தாள். கையைத் தட்டிவிட்டேன். வண்டி ஊரப்பாக்கம் தாண்டியது.

"அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சுட்டா. முடி இல்லாதது தப்பில்ல, ஏமாத்தினதுதான் தப்புன்னு சொன்னா" என்றேன். "ஊரே என் தலையில மிளகாய் அரைச்சுது. நீயுமாம்மா? முருகனை வேற இழுத்து."

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டலூரில் வண்டி நின்று கிளம்பியது.

"மருந்தால வராதுன்னு எனக்கு மொதல்லயே தெரியும்டா" என்றாள். "உங்கப்பாவுக்கும் வரல."

"அது உப்புத் தண்ணியாலன்னுதானே சொன்ன?"

"உப்புத் தண்ணி என் மாமியார் சொன்னது. உங்கப்பா என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே மொட்டைதான். தலை நிறையச் சந்தனம். பழனிக்கு வேண்டுதல்னு சொன்னாங்க. கல்யாணத்துக்கு வந்தப்ப தலைப்பாகை. அவுத்தப்புறம்தான் பார்த்தேன்."

டாக்டர் கேட்டதற்கு நான் கூசாமல் சொன்ன பதில், கேன் கேனாகத் தலையில் ஊற்றிய தண்ணீர், எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"உனக்கு நடந்ததை நீயே எப்படிம்மா இன்னொரு பொண்ணுக்குச் செய்யப் போன?"

பெருங்களத்தூர் வந்துவிட்டது. கூட்டம் ஏறி எங்கள் முன்னால் வந்து நின்றது. அம்மா தலைப்பில் ஒட்டியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அன்னிக்கு என் மாமியாரை யாரும் இப்படிக் கேக்கலடா. நானும் கேக்கல."