எதிர்க்கட்சியில் அம்மா

இலங்கையில் போர் முடிந்த ஆண்டின் இலையுதிர்காலம். மார்கழியில் உலகத் தலைவர்கள் காலநிலை மாநாட்டுக்குக் கோபன்ஹேகன் வர இருந்தார்கள். டென்மார்க்கில் எங்கள் ஊர் நூலகம் அங்குள்ள சங்கங்களிடம் ஒரு யோசனை சொன்னது: ஒரு காலநிலை ஒப்பந்தத்தைப் பாராளுமன்றம் எப்படி அங்கீகரிக்கிறது என்பதை உங்கள் மொழியில் நடித்துப் பாருங்கள். நான் பிராண்டே நகரில் காற்றாலைத் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அதனால் மந்திரி வேடம் எனக்கு வந்தது.

வைகாசியில் போர் முடிந்த பிறகு தமிழ்ச் சங்க மண்டபத்தில் எதுவும் நடக்கவில்லை. அம்மாவும் முதியோர் இல்லத்து வேலைக்கும் கடைக்கும் தவிர வேறெங்கும் கார் ஓட்டவில்லை. அவரை மண்டபத்துக்குக் கூட்டிப்போவதுதான் என் முதல் நோக்கம். காலநிலை இரண்டாவது.

ஒத்திகையை வேண்டுமென்றே குசினியில் வைத்தேன். சமையலுக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒழுங்கைச் சொன்னேன்: மந்திரி கையெழுத்திடுவார், தீர்மானம் சபைக்கு வரும், முதல் வாசிப்பு, குழு, இரண்டாம் வாசிப்பு, வாக்கெடுப்பு.

"கையெழுத்து வைச்ச பிறகும் சபை மாட்டன் எண்டு சொல்லலாமோ?"

"ஓம், சொல்லலாம்."

"அப்ப கையெழுத்து படம் எடுக்கத்தான். ஊரில எத்தினை ஒப்பந்தத்தைப் பாத்திட்டம்."

"அம்மா, இது டென்மார்க்."

"டென்மார்க்காரருக்கும் ரெண்டு கைதானே பிள்ளை. கிழிக்கத் தெரியாதோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதை அங்க வந்து கேளுங்கோவன்."

"நான் வரேல்ல. தம்பியாக்கள் எப்பிடி எண்டு சனம் கேக்கும். வாய் திறந்தா அழுதுபோடுவன்."

அம்மாவின் தம்பி, என் மாமா, குடும்பத்தோடு இலங்கையில் அகதி முகாமில் இருந்தார். அதை அம்மா வெளியில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

காப்பாற்றியவர் சங்கத் தலைவர். "தங்கச்சி, ரோல்ஸ் உம்மட பொறுப்பு" என்று அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டார். விழாவுக்கு ரோல்ஸ் பொரித்துத் தரக் கேட்டால் மறுப்புச் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. நாடக நாளில் அம்மா ரோல்ஸ் தட்டுகளோடு மண்டபத்துக்கு வந்து, குளிர்கோட்டைக் கழற்றாமல் வாசலோரம் நின்றார்.

பாராளுமன்றத்தில் பொத்தான் அழுத்துவார்கள். நாங்கள் எல்லோருக்கும் மூன்று அட்டைகள் கொடுத்தோம்: பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் இரண்டும் இல்லை. தலைவரே சபாநாயகர். எதிர்க்கட்சித் தலைவராக, என் தொழிற்சாலையில் வேலை செய்யும் அண்ணை ஒருவரைப் போட்டிருந்தோம். அவர் எழுந்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். பிறகு, "எங்கட பிள்ளையின்ர தீர்மானத்துக்கு எதிரா நான் எப்பிடிக் கதைக்கிறது?" என்று உட்கார்ந்துவிட்டார். அடுத்துப் பேசியவர்கள் என் படிப்பைப் புகழ்ந்தார்கள். குழுநிலையில் தேத்தண்ணி குடித்தார்கள்.

வாக்கெடுப்பு வந்தது. பச்சை காட்டினால் அண்ணையின் மனம் நோகும். சிவப்பு காட்டினால் என் மனம் நோகும். மண்டபம் முழுக்க மஞ்சள் உயர்ந்தது. என் பச்சை மட்டும் தனியாக நின்றது.

"ஒண்டுக்குப் பூச்சியம். நிறைவேறியது!" என்றார் தலைவர். விதிப்படி அது சரிதான். ஆனாலும் எனக்கு வெட்கமாக இருந்தது.

"பொறுங்கோ அண்ணை!"

வாசலில் இருந்து அம்மா. கையில் சிவப்பு.

"மந்திரி கையெழுத்து வைச்சவ, சரி. செய்யாமல் விட்டா ஆர் கேக்கிறது? அது எங்க எழுதியிருக்கு?"

ஒன்றுக்கு ஒன்று. சம வாக்கில் தீர்மானம் விழும். "மந்திரி தோத்திட்டா! அதுவும் சொந்தத் தாயிட்ட!" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். தலைவர் மேசையைத் தட்டி, விதியைக் கொஞ்சம் வளைத்து, தீர்மானத்தைத் திரும்பக் குழுவுக்கு அனுப்பினார்.

இம்முறை தேத்தண்ணி ஆறிப்போனது. ஒப்பந்தத்தில் ஒரு சொல்லையும் சபை மாற்ற முடியாது, முழுதாக ஏற்கலாம் அல்லது விடலாம், ஆனால் குழு தன் அறிக்கையில் குறிப்பு எழுதலாம் என்று விளக்கினேன்.

"அப்ப எழுதுங்கோ" என்றார் அம்மா. "வருசா வருசம் மந்திரி சபைக்கு வந்து, என்ன செய்தனான் எண்டு சொல்ல வேணும்."

"வரேக்கை ரோல்ஸும் கொண்டு வர வேணும்!" என்றார் எதிர்க்கட்சி அண்ணை.

"நீர் முதல்ல எதிர்க்கட்சி வேலையைப் பாரும். மஞ்சளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்."

மண்டபம் சிரித்தது. மாதக்கணக்காகத் தாழ்ந்த குரலில் கதைத்தவர்கள் ஒருவரை ஒருவர் மறித்துக் கதைத்தார்கள். காற்றாலை பக்கத்தில் வந்தால் வீட்டு விலை விழும் என்றார் ஒருவர். அப்படியானால் எங்கள் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்றார் இன்னொருவர். இரண்டாம் வாக்கெடுப்பில் மூன்று நிறமும் இருந்தன, பச்சை கூடுதலாக. அம்மா சிவப்பையே பிடித்திருந்தார். கோட்டு கதிரையில் கிடந்தது.

முடிந்ததும் ஓர் அக்கா அம்மாவின் கையைப் பிடித்தார். நான் பயந்த கேள்வி வந்தது.

"உங்கட தம்பியாக்கள் எப்பிடி?"

"முகாமில இருக்கினம்" என்றார் அம்மா. கண் நிறைந்தது. குரல் உடையவில்லை. "உயிரோட இருக்கினம்."

"எங்கட ஆக்களும் அங்கதான்" என்றார் அந்த அக்கா. இருவரும் கதிரை இழுத்து உட்கார்ந்தார்கள். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கப் போனேன். அம்மா கையைக் காட்டி என்னை மறித்தார்.

"மந்திரி போய்க் காரில இருங்கோ. நாங்கள் கதைச்சு முடியேல்ல."