பதினேழாம் அத்தியாயத்துப் பேய்

அப்பாவின் தங்கை, என் அத்தை, ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே செல்போனில் சரித்திரக் காதல் கதை எழுதினாள். கோட்டைக் குதிரைவீரனுக்கும் நெசவுக்காரப் பெண்ணுக்கும் காதல். வாரம் ஓர் அத்தியாயம் இணையத்தில் வரும். ஆறாவது படித்துக்கொண்டிருந்த நான்தான் முதல் வாசகி. குதிரைக்குப் பெயர் வைத்ததே நான்.

பதினேழாம் அத்தியாயத்தில் கல்யாணம் என்று சொல்லியிருந்தாள். பள்ளிவிட்டு வந்து அப்பாவின் போனில் ஆசையாகத் திறந்தேன். கல்யாணமும் இல்லை, குதிரையும் இல்லை. கதாநாயகி பேயாகியிருந்தாள். எப்படிச் செத்தாள் என்று ஒரு வரி கிடையாது. தன் வீட்டுக் கூடத்திலேயே நின்று கூப்பிடுகிறாள்; அண்ணன் அவளைத் தாண்டிப் போய்ச் சாப்பிட உட்காருகிறான். தட்டைத் தள்ளிவிடுகிறாள், பூனை என்கிறார்கள். அத்தியாயம் முழுக்க இதேதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரில் சண்டை போட்டிருப்பேன். ஆனால் வீட்டில் அப்போது அத்தையோடு யாரும் பேசுவதில்லை. சர்ச்சுக்குப் போகிற வாத்தியார் ஒருவரைக் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொல்லிப் பத்து நாளாகியிருந்தது. "அவகூட யார்னா பேசிகினு இருந்தீங்கன்னா, தோலை உரிச்சிடுவேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா சோற்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அதனால் கதைக்குக் கீழேயே எழுதினேன்: 'பேயை விட்டு ஏமாத்தறீங்க. இனிமே படிக்க மாட்டேன்.' ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் போட்டேன். அப்பாவின் பெயரில் அது போய் விழுந்தது.

மாலையில் கடையிலிருந்து வந்த அத்தை, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"நீதானே எழுதின? உங்கப்பனா கதை படிக்கறான்? திட்டுடி. போன்ல இன்னா திட்டு? என் மூஞ்சியப் பாத்து, வாயால திட்டு."

உள்ளே அப்பாவின் தறிச்சத்தம் நின்றது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்தபடி நோட்டைப் புரட்டினேன். "ஒரு வார்த்தைடி" என்றாள். இன்னொரு பக்கத்தைப் புரட்டினேன்.

அன்று ராத்திரி அப்பா எனக்குப் பால்கோவா வாங்கி வந்தார்.

அடுத்த வாரம் அத்தை வாத்தியாரோடு வேலூருக்குப் போய்விட்டாள். கதையைத் தொடரவேயில்லை. இப்போது நினைத்தாலும் அப்பாமேல் எரிச்சல் வருகிறது, என்மேல் அதைவிட. அவள் கேட்டது ஒரேயொரு வசவு. அதைக்கூடத் தராத வீட்டில், நான்தான் எல்லாரையும்விட நல்ல பிள்ளை என்று விரலை நக்கிக்கொண்டிருந்தேன்.