சித்திக்குப் பிடித்துப்போன விடை

என் சித்தி எதையும் ஒரே தடவையில் நம்புகிறவள் அல்ல. பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். பாலை முகர்ந்துவிட்டு சித்தப்பாவையும் முகரச் சொல்வாள். அவர் நன்றாக இருக்கிறது என்றால் அவர் மூக்கைச் சந்தேகப்படுவாள். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அவள் வீட்டில் வந்து இறங்கியபோது, விமான நிலைய அதிகாரிகள்கூடக் கேட்காததை எல்லாம் கேட்டாள். எத்தனை நாள் இருப்பாய் என்று மட்டும் கேட்கவில்லை. நான் என்ன சொன்னாலும் நம்பப் போவதில்லை என்று விட்டுவிட்டாள் போல.

வேலையும் அதற்கேற்றாற்போல் வாய்த்தது. ஒரு பெரிய மருத்துவமனையில் கிருமிக் கணக்குப் போடுகிறாள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் நோயாளிக்கு நோயாளி எப்படித் தாவுகின்றன என்று பார்க்க, கணினிக்குள் ஒரு மருத்துவமனையைக் கட்டி வைத்திருக்கிறாள். அதில் கட்டில்கள் உண்டு, கைகள் உண்டு, ஒரு கை கழுவப்படாமலே அடுத்த கட்டிலுக்குப் போக எவ்வளவு வாய்ப்பு என்று ஓர் எண்ணும் உண்டு. நிஜ வார்டில் நடப்பதை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், எங்கே அளவுக்கு மீறிப் பரவுகிறது என்று தெரியும். சித்திக்கு நிஜ மருத்துவமனையைவிட அதுதான் பிடிக்கும். அங்கே யாரும் வலிய வந்து பேச்சுக் கொடுப்பதில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு கூடங்கள். அங்கே தொற்று அதிகமாகிவிட்டது, எங்கிருந்து என்று சொல்லுங்கள் என்றார் கண்காணிப்பாளர். சித்தியின் கணக்கு முதல் கூடத்தைக் காட்டியது. முதல் கூடத்துத் தலைமை நர்ஸ் சித்தியின் நாத்தனார்.

வம்பே அதில்தான். நாத்தனார் இருப்பது இதே வீட்டின் கீழ்த்தளத்தில். அவர் படுக்கையறை மேற்கூரையில் ஈரம் படர்ந்திருந்தது. மேலே குளியலறை ஒழுகுகிறது என்பது அவர் கட்சி. கீழே கட்டியவன் சரியில்லை என்பது சித்தியின் கட்சி. பல மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தூது போய்ப் போய்ச் சித்தப்பாவுக்கு முட்டி தேய்ந்ததுதான் மிச்சம்.

நாத்தனாரிடமிருந்து தலைமைப் பொறுப்பைப் பறித்து விசாரணை வைக்கப் போவதாகச் செய்தி வந்தது. அதற்குள்ளேயே வார்டில் அவர் கழுவிவிட்டு வந்த கையை எல்லோரும் உற்றுப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவர் வைத்துவிட்டுப் போன பேனாவை யாரும் எடுக்கவில்லை. அவரோ சித்தியைச் சந்தேகப்பட்டார். கூரை ஈரத்துக்கு அண்ணி பழி தீர்த்துக்கொண்டார் என்று தன் அண்ணனிடம் சொல்லி அழுதிருக்கிறார். சித்தப்பா சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் சோற்றை மட்டும் மென்றார்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் சித்திமேல் சந்தேகம்தான். விடையைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்துவிட்டு வந்த அன்று சித்தி பாத்திரம் கழுவிக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாள். பாதிப் பாட்டில் சட்டென்று நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தாள்.

"என்ன சித்தி?"

"அந்த விடை எனக்குப் பிடிச்சிருக்குடி."

"நல்லதுதானே?"

"கணக்குப் போடறவளுக்கு விடை பிடிக்கக் கூடாது. பிடிச்சா எங்கயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம்."

அதன்பின் கணினிக்குள் இன்னொரு பொய் மருத்துவமனையைக் கட்டினாள். அதில் இரண்டு கூடத்துக் கைகளும் ஒரே அளவு சுத்தம், ஒரே அளவு அழுக்கு. கணக்கு நேர்மையானது என்றால் இரண்டும் சமம் என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னது. பிறகு நிஜ மருத்துவமனையின் பழக்கங்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். நிலைமை மோசமாகும் நோயாளிகளை இரண்டாம் கூடத்திலிருந்து முதல் கூடத்துக்கு மாற்றுவது வழக்கம். அப்படி யார் வந்தாலும், கட்டிலில் கிடத்தும் முன்பே பஞ்சுக் குச்சியால் மூக்கிலும் தோலிலும் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவார் நாத்தனார். இரண்டாம் கூடத்தில் காய்ச்சல் ஏறினால்தான் சோதனை. இந்த ஒரு பழக்கத்தை உள்ளே விட்டதும், கையில் ஒரு குற்றமும் இல்லாத அந்தப் பொய் முதல் கூடத்தையே கணினி குற்றவாளி என்றது.

கிருமி எங்கே பிடிபட்டதோ அங்கேயே தொற்றியது என்று சித்தி எண்ணியிருந்தாள். ஓட்டை அதுதான். தேடிப் பிடித்தவர் தலையிலேயே பழி விழுந்திருந்தது.

வீட்டில் வெட்டியாகத்தானே இருக்கிறாய் என்று கணினிப் பையைத் தூக்க என்னையும் கூட்டிப் போனாள். கண்காணிப்பாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"போன வாரம் ஒரு கணக்கு, இந்த வாரம் ஒரு கணக்கு. அவங்க உங்க வீட்டுக்காரரோட தங்கச்சிதானே மேடம்?"

"ஆமா சார். எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது."

"அப்போ நான் போன வாரக் கணக்கை எப்படி நம்பறது?"

"நம்பாதீங்க சார். இதையும் நம்பாதீங்க. ரெண்டு கூடத்துலயும் உள்ள வரும்போதும் வெளிய போகும்போதும் எல்லாரையும் சோதிக்கச் சொல்லுங்க. எங்க குடும்பத்துல யாரும் கை வைக்க வேணாம்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் ஏதோ திருட வந்தவர்கள் போல எனக்கே தோன்றியது. ஆனாலும் உத்தரவு போட்டார். முடிவுகள் வந்தபோது, இரண்டாம் கூடத்துக்குள் சுத்தமாகப் போனவர்கள் பலர் கிருமியோடு வெளியே வந்திருந்தார்கள். விசாரணை கைவிடப்பட்டது. இரண்டாம் கூடத்தில் யார் என்று சித்தியைக் கேட்டார்கள். கணக்குக்குக் கூடம்தான் தெரியும், ஆள் தெரியாது என்று சொல்லிவிட்டாள். இப்போது வார்டில் அந்தக் கூடத்துக் கைகளைப் பார்க்கிறார்கள்.

அன்று மாலை சித்தி கீழே இறங்கிப் போனாள். பின்னாலேயே நானும் போனேன். நாத்தனார் கதவைப் பாதிதான் திறந்தார்.

"நான் தப்பாப் போட்டுட்டேன்" என்றாள் சித்தி.

"திருத்தச் சொல்லி அண்ணன் கெஞ்சினாரா?"

"இல்ல."

"நம்பலாமா அண்ணி?"

"நம்ப வேணாம். நானா இருந்தா நம்ப மாட்டேன்."

நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. பிறகு கதவை முழுக்கத் திறந்து, படுக்கையறைக்குக் கூட்டிப் போய், விரலை மேலே காட்டினார். சித்தி கழுத்து வலிக்கும் வரை அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் எங்கள் குளியலறைத் தரையை உடைக்கக் கொத்தனார் வந்தார். சித்தி அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்று ஒவ்வொரு அடியையும் கண்காணித்தாள். நானும் சித்தப்பாவும் துண்டைத் தூக்கிக்கொண்டு குளிக்கக் கீழே போனோம். நாத்தனார் வாசலிலேயே எங்களை நிறுத்தி, முதலில் கையைக் கழுவச் சொன்னார்.