சாயம் தூக்கலா ரெண்டு

திருநகரில் கலப்படம் சோதிக்கும் வேனில், நான் கொண்டுபோன உதிரி டீத்தூளைச் சோதனை செய்யும் பெண் ஈரத்தாளில் தூவியதும், சிவப்பு கசிந்து ஈரச்சாக்கு நாற்றம் எழுந்தது. சின்ன வயதில் அப்பா என்னைக் கூட்டிப்போன, உசிலம்பட்டியில் இப்போது இல்லாத டீக்கடையின் பின்புறமும் இதே நாற்றந்தான்: கொதித்த சக்கை, சாக்கடையோரச் சாக்கில், ஈ மொய்க்க, நாய் புரண்டெழ, சாயப்பொடி பூசிக்கொண்டு மறுபடி டீத்தூளாகக் காய்ந்துகொண்டிருக்கும்; முன்புறம் அப்பா, "அண்ணே, சாயம் தூக்கலா ரெண்டு!" என்பார். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கேட்டதைத்தான் கொடுத்தார். நானும் தம்ளரின் அடிவரை ருசித்துக் குடித்தேன்.

"அம்புட்டும் சாயம் சார், கொட்டிருங்க. நல்ல டீ இப்படித்தான் இருக்கும்" என்று தன் ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றித் தந்தாள் அந்தப் பெண்.

குடித்தேன்.

"சாயம் பத்தலையேம்மா" என்றேன்.